தண்ணீர்ச் செம்பை ஒளித்து வையுங்கள்

பொர்கொல்ட் என்பது ஹங்கேரி வீடுகளில் சமைக்கப்படும் கெட்டியான இறைச்சிக் குழம்பு. வெங்காயம், பன்றிக் கொழுப்பு, பாப்ரிகா என்னும் சிவப்பு மிளகாய்த்தூள், இறைச்சி ஆகிய நான்கும்தான் அடிப்படை. உப்பையும் எண்ணினால் ஐந்து. ஆறாவதாக எதைச் சேர்க்கலாம் என்பதில் அந்நாட்டுக் குடும்பங்களுக்குள் இன்னும் சமரசம் ஏற்படவில்லை. தாய் வீட்டு முறை, மாமியார் வீட்டு முறை என்று சமையலறைக்குச் சமையலறை இரண்டு கட்சிகள் உண்டு. மாட்டிறைச்சியில் செய்வது மார்ஹா பொர்கொல்ட். கோழி, பன்றி, ஆடு என்று பல வகைகள் இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மரியாதை இதற்கே அதிகம்.

வெளிநாட்டு உணவகங்களின் பட்டியலில் 'கூலாஷ்' என்று அச்சிடப்படுவது பெரும்பாலும் இந்தக் குழம்புதான். ஆனால் புடாபெஸ்டில் 'குயாஷ்' என்று கேட்டால் உருளைக்கிழங்கும் கேரட்டும் மிதக்கும் சூப் வரும். வியன்னாவில் அதே பெயருக்கு, இறைச்சிக்குச் சமமான எடையில் வெங்காயம் போட்ட குழம்பு வரும். அங்கே கோச்சு வண்டிக்காரர் பெயரில் விற்கும் வகையில் பொரித்த முட்டை ஒன்று மேலேயும் சாசேஜ் ஒன்று பக்கத்திலும் ஏறிக்கொள்ளும். பிராகில் மாவுருண்டையைத் தடிமனாக நறுக்கிக் கூடவே வைப்பார்கள். அமெரிக்கர்கள் கொத்துக்கறியையும் தக்காளியையும் மக்ரோனியோடு சேர்த்துக் கிளறி, அதற்கும் இதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதைக் காணும் ஹங்கேரியர் முதலில் பேச்சிழப்பார். பேச்சு திரும்பிய பிறகு நிறுத்த மாட்டார்.

குயாஷ் என்றால் மாட்டு மந்தை மேய்ப்பவர். பெயர்க் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஹங்கேரியின் கிழக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கும் அல்ஃபோல்ட் சமவெளியில் நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகள் மேய்ந்தன. 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை அவற்றை வியன்னா, நியூரம்பெர்க், வெனிஸ் சந்தைகளுக்கு நடத்தியே ஓட்டிச் சென்று விற்றார்கள். வாரக்கணக்கில் நடை. மேய்ப்பவர்களின் சமையலறை என்பது போக்ராச் என்ற ஓர் இரும்புச் சட்டியும், அதை நெருப்புக்கு மேல் தொங்கவிட நட்ட கம்புகளும்தான். சட்டி ஒன்று என்பதால் சமையலும் ஒன்று. இன்றைக்கு என்ன சமையல் என்ற கேள்வி எழாத பொற்காலம் அது.

மேய்ப்பவரின் சாப்பாடு மாளிகைக்குள் நுழைய ஓர் அரசாணை காரணமாயிற்று. ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784இல் ஜெர்மன் மொழியை ஹங்கேரியின் ஆட்சிமொழியாக்கினார். அதுவரை லத்தீனில் நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்த பிரபுக்களுக்குத் திடீரென்று தாய்மொழிப் பற்று பொங்கியது. சொந்த மொழி, சொந்த உடை என்று வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தவர்கள் சொந்தச் சாப்பாட்டைத் தேடியபோது அது மேய்ச்சல் வெளியில் கொதித்துக்கொண்டிருந்தது. பேரரசர் 1790இல் இறப்பதற்குச் சற்று முன்பு தம் சீர்திருத்தங்களில் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சட்டியை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியின் கம்யூனிஸ்ட் தலைவர் யானோஷ் காதாரின் ஆட்சிக்கே 'குயாஷ் கம்யூனிசம்' என்ற பட்டப்பெயர் வந்தது. சித்தாந்தத்தில் கொஞ்சம் நீர் கலந்தாலும் குடிமக்களின் தட்டு காயக்கூடாது என்பது அந்த ஆட்சியின் கணக்கு.

இந்தக் குழம்பின் நிறமும் மணமும் பாப்ரிகாவிலிருந்து வருகின்றன. பாப்ரிகாவும் நம் சாம்பார் மிளகாயும் தாவரவியலில் ஒரே இனம். இரண்டுக்கும் பூர்விகம் அமெரிக்கக் கண்டம். போர்ச்சுக்கீசியக் கப்பலில் ஏறிய கிளை இந்தியாவுக்கு வந்தது; துருக்கியரோடு பயணம் செய்த கிளை ஹங்கேரியில் இறங்கியது. 1541 முதல் 1686 வரை புடா நகரம் துருக்கியர் கையில் இருந்தது. முதலில் அழகுச் செடியாகத் தோட்டத்தில் நின்ற மிளகாயைத் தூளாக்கிச் சாப்பாட்டில் போடத் துணிந்தவர்கள் ஏழைகள். கப்பலில் வரும் குறுமிளகை வாங்க அவர்களிடம் காசில்லை. பிறகு நெப்போலியன் 1806இல் பிரிட்டிஷ் வணிகத்துக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபோது வசதியுள்ளவர்களுக்கும் குறுமிளகு எட்டாக்கனியாயிற்று. அவர்களும் ஏழையின் தூளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் காலத்துப் பாப்ரிகா காரமானது. அதைச் சாதுவாக்கிய பெருமை செகெட் நகரத்துப் பால்ஃபி சகோதரர்களைச் சேரும். காரம் குடியிருப்பது மிளகாயின் உள்நரம்பில். அந்த நரம்பையும் விதையையும் நீக்கி அரைக்கும் முறையை அவர்கள் 1859இல் கொண்டுவந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் காரமே இல்லாத மிளகாய் ரகங்களையும் வளர்த்தெடுத்துவிட்டார்கள். ஒரு மிளகாயிடமிருந்து காரத்தைப் பிடுங்குவதற்கு இவ்வளவு உழைப்பா என்று ஆந்திரத்துக்காரர் வியக்கலாம். பலன் என்னவென்றால், ஒரு கிலோ இறைச்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி குவித்துப் போடலாம்; சாப்பிடுகிறவர் கண்ணில் நீர் வராது. அதே அளவில் குண்டூர் மிளகாய்த்தூளைப் போட்டால் விருந்தாளி மறுமுறை வரமாட்டார். பாப்ரிகா கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்தை மட்டும் தரும். பாப்ரிகாவின் இனிப்பு அதில் இல்லை, காரமும் சற்று மிஞ்சும்.

செகெட், கலோச்சா ஆகிய இரண்டு ஊர்களும் பாப்ரிகாவுக்குப் பேர்போனவை. எது உயர்ந்தது என்று கேட்கும் வெளியூர்க்காரர், எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. செகெட்டுக்குக் கூடுதலாக ஒரு நோபல் பரிசும் கணக்கில் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜி, வைட்டமின் சி பற்றிய ஆய்வுக்குப் போதிய அளவு சரக்கு கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார். ஓர் இரவு மனைவி சாப்பாட்டில் பச்சைப் பாப்ரிகாவை வைத்தார். அதைச் சாப்பிடப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லவும் துணிவில்லை. ஆய்வு செய்ய வேண்டும் என்று காரணம் காட்டி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். நள்ளிரவுக்குள் அது வைட்டமின் சி சுரங்கம் என்று தெரிந்துவிட்டது. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். 1937இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வந்தது. மனைவி வைத்ததைச் சாப்பிடாமல் தப்பித்த கணவர்களில் இவ்வளவு தூரம் போனவர் வேறு எவரும் இல்லை.

கடையில் பாப்ரிகா பல தரங்களில் கிடைக்கும். வீட்டுச் சமையலுக்கு எடெஷ்நெமெஷ் என்ற இனிப்புத் தரமே போதும். காரம் வேண்டுவோர் எரோஷ் என்று எழுதிய பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை சேர்க்கலாம். அல்லது எரோஷ் பிஷ்தா என்ற பெயரில் குப்பியில் விற்கும் காரமான மிளகாய் விழுதைத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு எடெஷ் அன்னா என்று காரமில்லாத ஜோடியும் உண்டு. ஆண் பெயருக்குக் காரத்தையும் பெண் பெயருக்கு இனிப்பையும் ஒதுக்கியவர் இல்லறத்தை எங்கே கவனித்தார் என்பது விளங்கவில்லை. எந்தத் தரமானாலும் தூள் புதிதாக இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும், நாளானால் மணம் போகும். அடுப்புக்கு மேல் அலமாரியில் கண்ணாடிக் குப்பியில் அழகுக்கு வைக்கப்பட்ட பாப்ரிகா ஆறு மாதத்தில் செங்கல் பொடிக்குச் சமம். 1994இல் ஹங்கேரியிலேயே நிறம் கூட்டுவதற்காக ஈய ஆக்சைடு கலந்த தூள் பிடிபட்டு, அதைச் சாப்பிட்டவர்கள் நோயுற்றார்கள். தூள் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தால் சந்தேகப்படுவதில் தவறில்லை.

இறைச்சியில் கால்சதையே சிறந்தது. மாடு முழுநாளும் நின்றும் நடந்தும் உழைக்கும் பகுதி அது. தசையினூடே நரம்பும் சவ்வும் ஓடும். கசாப்புக் கடையில் மலிவு. கொழுத்த பணக்காரத் துண்டுகளான முதுகுப்பகுதிச் சதையை வாங்கி இந்தக் குழம்பில் போடுவது பணத்துக்கும் கேடு, பல்லுக்கும் கேடு. மூன்று மணி நேர வேக்காட்டில் அது பஞ்சாக உலர்ந்துவிடும். கால்சதையில் உள்ள கொலாஜன் மெல்லிய சூட்டில் நேரம் கொடுத்தால் கரைந்து ஜெலட்டினாகிறது. குழம்பு உதட்டில் சற்று ஒட்டுவதற்கு அதுவே காரணம். துண்டுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். சிறிதாக நறுக்கினால் சீக்கிரம் வேகும் என்பது உண்மை; கடைசியில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை.

ஒரு கிலோ கால்சதைக்கு 400 கிராம் வெங்காயம், மூன்று மேசைக்கரண்டி பன்றிக் கொழுப்பு. கொழுப்பு ஆகாதவர்கள் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஹங்கேரிப் பாட்டிமார் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்க வேண்டும். குழம்பைக் கெட்டியாக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க அதனுடையது. மூன்று மணி நேர முடிவில் ஒரு துணுக்கு வெங்காயம்கூடக் கண்ணில் படக்கூடாது. சிறு தீயில் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை வதக்கினால் கண்ணாடி போலாகி, பிறகு இளம்பொன் நிறத்துக்குத் திரும்பும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், நடு பச்சையாக இருக்கும். கருகிய வெங்காயம் கரையாது. கடைசி வரை மிதந்து சாட்சி சொல்லும்.

அடுத்தது பாப்ரிகா போடும் கட்டம். இந்தச் சமையலில் உயிர்போகும் தருணம் இது ஒன்றே, அரை நிமிடம்தான். பாப்ரிகாவின் நிறமி கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. ஆகவே அதைக் கொழுப்பில்தான் போட வேண்டும். ஆனால் தூளில் சர்க்கரை இருப்பதால் கொதிக்கும் கொழுப்பில் நொடியில் கருகிக் கசந்துவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் தூளைப் போட்டு, இரண்டு கிளறு கிளறி, உடனே இறைச்சியைக் கொட்டுவது. இந்த நேரத்தில் கைபேசி ஒலித்தால் எடுக்கக்கூடாது. இறைச்சியை முதலில் போட்டு, மேல்நிறம் வெளுத்துச் சாறு விட்ட பிறகே தூளைத் தூவும் இன்னொரு மரபும் இருக்கிறது. கருகும் ஆபத்து அதில் குறைவு என்பதால் புதியவர்களுக்கு அதுவே நல்லது. பழையவர்களிடம் இதைச் சொன்னால், கருக விடாமல் போடத் தெரியாதவர் ஏன் சமைக்க வர வேண்டும் என்று கேட்பார்கள்.

உப்பு, நசுக்கிய பூண்டு இரண்டு மூன்று பல், ஒரு தேக்கரண்டி கேரவே விதை ஆகியவை இப்போது சேரும். கேரவே பார்வைக்குச் சீரகம் மாதிரியே இருக்கும், மணம் வேறு. சீரகத்தைப் போட்டால் குழம்பு கிழக்கே நகரத் தொடங்கும். தக்காளி ஒன்று, வெளிர்மஞ்சள் குடைமிளகாய் ஒன்று சேர்ப்பவர்கள் உண்டு. இவை இரண்டும் தேவையில்லை என்று உணவு மேசையில் எழுந்து நிற்பவர்களும் உண்டு. கேரவேயை எதிர்ப்பவர்கள் தனிக் கட்சி. மைதா மாவைப் பொறுத்தவரை எல்லாக் கட்சிகளும் ஒன்றுபட்டு எதிர்க்கின்றன.

இனித் தண்ணீர். பொர்கொல்ட் கெடுவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை செம்பிலிருந்து ஊற்றப்படுகின்றன. இறைச்சியைப் போட்டு மூடியதும் அது தன் சாற்றை விடும். முதல் அரைமணி நேரத்துக்கு அதுவே போதும். சாறு சுண்டி, எண்ணெய் பிரிந்து, சட்டியில் சலசலப்பு மாறிச் சுள்ளென்று பொரியும் ஓசை கேட்கும்போது அரைக் கோப்பைக்கும் குறைவாகத் தண்ணீர் தெளித்துக் கிளறி, மறுபடி மூட வேண்டும். மறுபடி சுண்டும், மறுபடி சிறிது. இப்படி இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் வரை போகும். ஒவ்வொரு முறை சுண்டும்போதும் நிறம் ஒரு படி இருளும், மணம் ஒரு படி இறங்கி உட்காரும். ஹங்கேரியச் சமையற்காரர்கள் 'கொழுப்புக்கு வரும் வரை' என்று இந்தக் கட்டத்தைச் சொல்கிறார்கள். காது வேலை செய்ய வேண்டிய சமையல் இது. வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைப்பவருக்குச் சட்டி அடிபிடிப்பது தெரியாது.

பொறுமையில்லாதவர் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டுக் கூடத்துக்குப் போய்விடுவார். திரும்பி வந்து பார்த்தால் சிவந்த வெந்நீரில் இறைச்சி நீந்திக்கொண்டிருக்கும். அதைக் கெட்டியாக்க மைதா மாவு வரும். மாவு வாடையை மறைக்கப் புளித்த கிரீம் வரும். கிரீமின் வெளுப்பை மறைக்கத் தக்காளி விழுது வரும். அந்தக் கட்டத்தில் சட்டி ஹங்கேரி எல்லையைக் கடந்துவிடுகிறது. அதைத் திருப்பி அழைத்துவர வழியில்லை. குக்கரில் வைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சொல்: ஹங்கேரியிலும் குக்கர் இருக்கிறது, அவர்களும் வைக்கிறார்கள். இறைச்சி வெந்துவிடும், சாறு சுண்டாது. மூடியைத் திறந்த பிறகு அடுப்பில் நின்று சுண்டவைக்கத் தயாராக இருந்தால் மன்னிக்கலாம்.

பாதி வேக்காட்டில் ஒரு கோப்பைச் சிவப்பு ஒயின் ஊற்றுவது மாட்டிறைச்சிக்குப் பொருத்தம். இனிப்பில்லாத ஒயினாக இருக்க வேண்டும். கேக்ஃப்ராங்கோஷ் திராட்சையில் செய்தது அல்லது எகர் நகரத்துக் 'காளை இரத்தம்'. புட்டியில் மீதி இருப்பதைச் சமையற்காரர் கவனித்துக்கொள்வார் என்பது எழுதப்படாத விதி. மூன்று மணி நேரம் சட்டிக்குக் காவல் இருப்பவருக்கு அதற்கான நியாயம் உண்டு.

வெளியில் போக்ராச் தொங்கவிட்டுச் சமைப்பது வேறு வகை நிகழ்ச்சி. வாரம் முழுவதும் சமையலறைப் பக்கம் தலைகாட்டாத ஆண்கள் அன்று கரண்டி பிடிப்பார்கள். ஒருவர் கிளற, ஐந்து பேர் யோசனை சொல்ல, ஆறாவது ஆள் விறகு தேடப் போய்த் திரும்பி வராமலிருப்பது வழக்கம். இதைப் போட்டியாகவே நடத்தும் ஊர்கள் பல. சமவெளியில் உள்ள கர்ட்சாக் ஊர் ஆட்டுப் பொர்கொல்ட்டுக்குப் புகழ்பெற்றது. சுட்டுச் சுத்தம் செய்த தலையும் காலும்கூட அங்கே சட்டிக்குள் போகும். சேவல், குடல், பன்றிக்கால் என்று எதையும் இதே முறையில் சமைக்கலாம். புளித்த கிரீம் சேர்த்தால் அது பாப்ரிகாஷ் என்ற வேறு உணவாகிவிடும். அதைக் கோழிக்கும் கன்றிறைச்சிக்கும் செய்கிறார்கள், வளர்ந்த மாட்டுக்குச் செய்வதில்லை.

பரிமாறும்போது பக்கத்தில் இருக்க வேண்டியது நோகெட்லி. மைதா, முட்டை, உப்பு, தண்ணீர் சேர்த்துத் தளர்வாகக் கலக்கிய மாவைப் பூந்திக் கரண்டி போன்ற துளைத்தட்டின் வழியே கொதிநீரில் விழவிட்டால், உருவமில்லாத சிறு உருண்டைகள் மேலே மிதந்து வரும். வெந்ததற்கு அதுவே அடையாளம். வடித்துக் கொஞ்சம் கொழுப்பில் புரட்டி வைக்கலாம். மாவை நெடுநேரம் அடித்தால் ரப்பராகும். தர்ஹோனியா என்ற உலர்ந்த முட்டைமாவு மணிகள், வேகவைத்த உருளைக்கிழங்கு, வெறும் ரொட்டி ஆகியவையும் ஏற்புடையவை. ஊறவைத்த வெள்ளரிக்காய் இல்லாமல் பரிமாறக்கூடாது. கொழுப்பை வெட்டும் புளிப்பு மேசையில் அது ஒன்றுதான். கோடையில் வெள்ளரிக்காயைக் குப்பியில் அடைத்து, மேலே ஒரு ரொட்டித் துண்டை வைத்து, வெயிலில் புளிக்கவிட்டுச் செய்வதே மேல். கடைசியில் தட்டில் மிஞ்சும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அநாகரிகம் என்று அங்கே எவரும் சொல்வதில்லை.

மீந்துபோவது பற்றி ஹங்கேரியில் ஒரு கதை உண்டு. 1846இல் பெஸ்ட் நகர உணவகம் ஒன்றுக்கு நேரம் கழித்து வந்த யோஷெஃப் செகெய் என்பவர், மீந்த பன்றிப் பொர்கொல்ட்டையும் புளிக்கவைத்த முட்டைக்கோசையும் ஒரே தட்டில் வைத்துத் தரச் சொன்னாராம். அங்கிருந்த கவிஞர் ஷாண்டோர் பெடோஃபி மறுமுறை வந்தபோது, செகெய் சாப்பிட்டதைக் கொடு என்றாராம். இன்று செகெய் குயாஷ் நாடெங்கும் கிடைக்கிறது. செகெய் என்ற பெயரில் ஒரு மக்கள் கூட்டம் திரான்சில்வேனியாவில் வாழ்வதால், இது அவர்களுடைய உணவு என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீந்த இறைச்சியை மெல்லிய அப்பத்தில் சுருட்டி, சாற்றில் புளித்த கிரீம் கலந்து மேலே ஊற்றினால் ஹோர்தோபாஜ் பலசிந்தா. ஹோர்தோபாஜ் சமவெளி மேய்ப்பவர்கள் அதைக் கண்டதில்லை. 1958ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியோடு அதன் பிறப்பை இணைத்துப் பேசுகிறார்கள்.

மறுநாள் சூடாக்கிய பொர்கொல்ட் முதல்நாளையதைவிடச் சுவையானது. ஆறும்போது ஜெலட்டின் இறுகி, மசாலை இறைச்சிக்குள் இறங்குகிறது. எனவே ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வருவதாக இருந்தால் சனிக்கிழமையே சமைத்துவிடுங்கள். ஞாயிறு காலையில் சிறு தீயில் சூடாக்குங்கள். அடிபிடிக்காமல் இருக்க ஒரு கரண்டி தண்ணீர் போதும்.